மூட முடிகிற கூரை

காலை ஏழு மணி, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல். எனக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி. பின்பக்கம் சென்ட்ரிங் பலகைகளுக்கு நடுவே எட்டுப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். சித்தாள் அக்கா ஒருவர் முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். வண்டி ஓடினால் காற்று, தூசி.

அதே காற்றுக்காகத்தான் கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தார்கள். பக்கத்துப் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1961இலிருந்து ஹெரால்ட் கார் தயாரித்தது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி, 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வந்தது. பாரத்தைச் சேஸிஸ் தாங்கிக்கொள்வதால் கூரை இல்லாமலும் வண்டி நிற்கும். பிக்கப்பும் அப்படித்தான். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் சுமக்கும். ஸ்பிட்ஃபயரில் இரண்டே பேர் உட்காரலாம்.

ஒன்று அழகு, இன்னொன்று உழைப்பு என்றுதான் நானும் பிரித்து வைத்திருந்தேன். இப்போது அது போதவில்லை. ரெண்டுமே திறந்த வண்டிதானே? ஆனால் மழை வந்தால் ஸ்பிட்ஃபயர்காரர் துணிக்கூரையை இழுத்து மூடிக்கொள்வார். அந்த அக்கா என்ன செய்வார்? சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. சரி, இறக்கிவிட்டால் சைட்டுக்கு அவர் எதில் போவது?

திறந்திருப்பதைச் சுதந்திரம் என்கிறோம். மூடவும் முடிந்தவருக்குத்தான் அது சுதந்திரம் என்று தோன்றுகிறது.

சிக்னல் விழுந்தது. பிக்கப் கிளப்பிய தூசி நேராக என் மேல் வந்தது. காற்று வாங்க ஏற்றி வைத்திருந்த ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.