பீனிசமும் வினையும்

நோய் ஏன் வருகிறது என்று கேட்கும்போது மனிதர் உண்மையில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கின்றனர். உடலில் என்ன நிகழ்ந்ததால் இந்நோய் தோன்றியது என்பது ஒன்று. இத்தனை பேர் இருக்க இவருக்கு ஏன் வந்தது என்பது மற்றொன்று. முன்னதற்கு மருத்துவம் விடை தேடுகிறது. பின்னதற்கு இந்தியச் சமயங்கள் பலவும் வினை என்னும் விடையை வைத்திருக்கின்றன. உயிரைப் பறிக்கும் கொடிய நோய்களைக் கொண்டே இக்கேள்வி பெரும்பாலும் ஆராயப்பட்டுள்ளது. ஆயினும் கொல்லவும் கொல்லாமல், போகவும் போகாமல், அறுத்து எடுத்த பின்னும் திரும்ப வளர்கின்ற ஒரு நோயிடத்தில்தான் அது கூர்மையடைகிறது. சைனஸ் அழற்சியும் அதனோடு மூக்கினுள் தோன்றும் சதை வளர்ச்சியும் அத்தகையவை. சித்த மருத்துவம் பீனிசம் என்ற பெயரால் பேசும் நோய்களுள் இவையும் அடங்கும்.

முக எலும்புகளுக்குள் மூக்கைச் சூழ்ந்து நான்கு இணைக் காற்றறைகள் அமைந்துள்ளன. கன்னங்களுக்குள் ஓர் இணையும், புருவங்களுக்கு மேலே நெற்றியில் ஓர் இணையும், இரு கண்களுக்கும் இடையே தேன்கூடு போன்ற சிற்றறைகளாகப் பிரிந்த சல்லடை எலும்பில் ஓர் இணையும், இவற்றுக்கெல்லாம் பின்னே மண்டையோட்டின் அடித்தளத்தில் ஓர் இணையும் ஆகிய இவையே சைனஸ் எனப்படுகின்றன. இவற்றின் உட்சுவரை மூடியுள்ள மென்படலம் இடைவிடாது சளியைச் சுரக்கிறது. அப்படலத்தின் மேல் நிற்கும் குறுயிழைகள் என்னும் நுண்பிசிர்கள், விநாடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை ஒரே திசையில் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய அச்சளியைச் சிறு வாயில்களின் வழியே மூக்குக்குள் தள்ளிவிடுகின்றன. கன்னத்து அறையின் வாயில் அதன் அடியில் இல்லாமல் மேற்பகுதியில் இருப்பதால், நிற்கின்ற மனிதனின் உடலில் அச்சளி நாள் முழுவதும் மேல்நோக்கியே ஏற்றப்பட வேண்டியிருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆராய்ந்த வால்டர் மெசர்கிளிங்கர், அந்த அறையின் அடியில் வேறொரு துளையிட்டாலும் சளி அதன் வழியே இறங்கிவிடாமல், அதைச் சுற்றிக் கடந்து தன் இயற்கை வாயிலையே நாடிச் செல்வதைக் காட்டினார். உடலுக்குத் தனக்கென ஒரு நெறி உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. உள்நோக்கிக் கருவியின் துணையால் இயற்கை வாயிலையே திறந்துவிடும் இன்றைய அறுவை முறை அந்தக் கண்டுபிடிப்பின்மேல் எழுந்ததே ஆகும்.

இந்த நெறி குலையும்போது நோய் தோன்றுகிறது. சாதாரணச் சளிக்காய்ச்சலின் வைரஸ் மென்படலத்தை வீங்கச் செய்து வாயிலை அடைத்துவிட, அறைக்குள் நீர் தேங்கிக் கன்னமும் நெற்றியும் கனத்து வலிப்பது திடீர் அழற்சி. இது பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் தானே தணிந்துவிடும், மிகச் சிறு பங்கினரிடமே பாக்டீரியா தொற்றாக முற்றும். மூக்கடைப்பு, தடித்த சளி ஒழுக்கு, முகக் கனம், மணம் அறியாமை ஆகியவற்றுள் சில 12 வாரங்களுக்கு மேலும் நீடித்தால் அது நாட்பட்ட அழற்சி எனப்படுகிறது. அதன் காரணங்கள் ஒரு வழிப்பட்டவை அல்ல. மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் தோன்றிய சீழ் கன்னத்து அறைக்குள் ஏறலாம். புகையும் தூசியும் குறுயிழைகளை முடக்கலாம். வெப்பமும் ஈரமும் மிக்க நிலங்களில் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகளுக்கு எதிராக உடல் ஒவ்வாமை கொண்டு அறைகளைப் பசைபோன்ற சளியால் நிரப்பலாம். பிறவியிலேயே குறுயிழைகள் அசையாத குழந்தைகளும் உண்டு.

சதை வளர்ச்சி இவற்றினும் நுட்பமானது. மூக்கின் பக்கச் சுவரில், சல்லடை எலும்பின் வாயில்களை ஒட்டி, மென்படலமே நீர்கோத்துத் தொங்கி, உரித்த நுங்கினைப் போல வெளிறிய ஒளியூடுருவும் குலைகளாக இறங்குகிறது. இளஞ்சிவப்பான மூக்கு மடல் எலும்புகளைத் தொட்டால் நோயாளி துடிப்பார். இக்குலைகளைத் தொட்டால் உணர்வு ஏதும் இராது. பண்டைக் கிரேக்கர் இதற்குப் பல கால்களை உடையது என்னும் பொருள்படப் பெயரிட்டனர். கயிற்றில் கட்டிய கடற்பஞ்சைத் தொண்டை வழியே மூக்கினுள் இழுத்து அதைப் பிடுங்கும் முறையை ஹிப்போக்ரடீசின் பெயரில் வழங்கும் நூல்கள் விவரிக்கின்றன. இக்குலைகளுள் நிறைந்திருப்பவை, பெரும்பாலான நோயாளிகளிடம், இயோசினோபில் எனப்படும் வெள்ளணுக்கள். புழுக்களைப் போன்ற பகைகளை அழிக்க வேண்டிய அவை, இங்கு அத்தகைய பகை ஏதுமின்றியே இன்டர்லூக்கின் 4, 5, 13 எனப்படும் செய்திப் புரதங்களால் அழைக்கப்பட்டு வந்து கூடுகின்றன. தோலிலும் மூக்கிலும் இயல்பாகக் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சு சிலரிடம் அந்த அழைப்பை இன்னும் பெருக்குகிறது. ஆஸ்பிரின் மாத்திரை ஒத்துக்கொள்ளாமை, ஆஸ்துமா, மூக்குச் சதை ஆகிய மூன்றும் ஒருவரிடமே கூடுவதைப் பிரான்சின் விடால் 1922இலும், அமெரிக்காவின் சாம்ட்டர் 1968இலும் விளக்கினர். ஆக, இங்கே அடைப்பாக நிற்பது வெளியிலிருந்து வந்த எதுவுமன்று; காக்க எழுந்த உடல்தான் தன் மூச்சின் வழியில் தானே குறுக்கே நிற்கிறது. ஒவ்வாமை உடையவர்களுள் மிகப் பலருக்குச் சதை வளர்வதே இல்லை என்பதால், அதையும் தனிக்காரணமாகச் சொல்ல முடியவில்லை.

காரணம் இவ்வாறு பலவாகச் சிதறிக் கிடக்கும் இடத்தில்தான் வினை என்ற ஒற்றை விடை எளிதாக வந்து அமர்கிறது. சரக சங்கிதை, முறையான மருத்துவத்துக்கு அடங்காமல் வினை தீரும்போது மட்டுமே தீரும் நோய்களைத் தனிவகையாகச் சுட்டுகிறது. சித்த மருத்துவத்திலும் வினையை நோய்க்குக் காரணமாகப் பேசும் கன்ம காண்டம் என்ற நூல்வகை உண்டு. மூன்று முறை அறுத்தும் நான்காம் முறை வளர்ந்த மூக்குச் சதை இந்த வகைக்குள் தள்ளப்படுவதற்கு மிகவும் ஏற்றதாகத் தோன்றும். ஆனால் நூல்களின் போக்கை நெருங்கிப் பார்த்தால் அவை அவ்வாறு விரைந்து தள்ளவில்லை. மூக்கு நோய்கள் 31 என்று எண்ணும் சுசுருத சங்கிதை, நீர்க்கோவைக்குக் காரணம் கூறுமிடத்தில் புகையையும் தூசியையும் குளிரையும் உடலின் இயற்கை வேகங்களை அடக்குவதையுமே நிரல்படுத்துகிறது. சரகரிடத்திலும் வினை என்பது மருத்துவம் முழுமையாகச் செய்யப்பட்ட பின்னரே எட்டப்படும் முடிவு. தொடங்கும் முன்னரே சொல்லப்படும் சாக்கு அன்று.

பௌத்தம் இதில் இன்னும் வெளிப்படையானது. இராசகிருகத்தில் மோளியசீவகன் என்னும் துறவி, மனிதர் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையால் வருவனவே என்று கூறுவோரைப் பற்றிக் கேட்டபோது, புத்தர் அதை ஏற்கவில்லை என்று சம்யுத்த நிகாயம் கூறுகிறது. பித்தம், ஐயம் எனப்படும் கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், தவறான பேணுகை, திடீர்த் தாக்குதல், வினை என எட்டுக் காரணங்களை அவர் அங்கே பிரித்துக் காட்டுகிறார். வினை அவற்றுள் ஒன்று, கடைசியாகச் சொல்லப்பட்டது. எல்லாவற்றையும் வினையென்பவர் தாமே கண்டறியத்தக்கதையும் உலகம் உண்மையென ஒப்பியதையும் கடந்து பேசுகின்றனர் என்பது அவருடைய மறுப்பு. வினைக் கொள்கையைத் தம் அறத்தின் அடித்தளமாகக் கொண்ட ஒருவரே சளியால் வரும் துன்பத்தைச் சளியால் வருவதாகவே ஒப்புக்கொண்டிருப்பது எண்ணத்தக்கது.

திருக்குறளும் இந்த எல்லையைக் காக்கிறது. 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை ஐயத்துக்கு இடமின்றிக் கூறிய வள்ளுவர், 95ஆம் அதிகாரமாகிய மருந்தில் ஊழை ஓரிடத்திலும் கொண்டுவரவில்லை. மிகுதலும் குறைதலும் நோய் செய்யும் என்கிறார். உண்டது செரித்ததை அறிந்து உண்ணச் சொல்கிறார். நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் தெளிந்த பின் மருத்துவன் செயற்படட்டும் என்கிறார். காரணத்தை நாடுவது செயலுக்காகவே என்பது இவ்வரிசையிலிருந்து தெரிகிறது. வினை என்னும் விடை எல்லா நோய்க்கும் ஒன்றுபோலப் பொருந்துவதாலேயே, மருத்துவனின் கை அடுத்து எதைத் தொட வேண்டும் என்று அது சொல்வதில்லை.

சைவ மரபில் இதைத் தொட்டுப் பேசிய குரல் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று திருச்செங்கோடு என வழங்கும் கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் பனிக்காலத்துக் குளிர்சுரம் அடியார்களைப் பற்றியபோது, திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகத்தைப் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இந்தத் துன்பம் அந்தச் செயலுக்கு விளைவு என்று சொல்லிக்கொண்டு, அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் இருப்பது குறையல்லவா என்ற கேள்வியோடுதான் அப்பதிகம் தொடங்குகிறது. வினை இல்லை என்று சம்பந்தர் கூறவில்லை; வினையைச் சொல்லிச் சும்மா இருப்பதையே குறை என்கிறார். திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் அருளின் வாயிலாக அமைந்தது என்பதும் அதே மரபின் வரலாறே. ஆயினும் தன் நோயில் அருளைக் காண்பது நோயுற்றவருக்கே உரியதாகலாம், பிறருடைய நோயில் பழியைக் காண எவருக்கும் அதிலிருந்து உரிமை பிறப்பதில்லை.

இந்த வேறுபாடு வெறும் நூலறிவு அன்று. மூக்கின் ஒரு புறம் மட்டும் சதை வளர்ந்து, இரத்தமும் கலந்து வந்தால், அது சாதாரணச் சதையாக இல்லாமல் கட்டியாகவோ புற்றாகவோ இருக்கலாம் என்பதால் மருத்துவர்கள் அதைத் திசுச் சோதனைக்கு உட்படுத்துவார்கள். குழந்தையின் மூக்கில் சதை காணப்பட்டால், உடற்சுரப்புகள் பலவற்றையும் தடிக்கச் செய்யும் பிறவி நோயாகிய சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உண்டா என்று பார்ப்பார்கள். தலையெழுத்து என்று சொல்லிக் கழித்த மாதங்கள் இங்கே உயிரின் விலையாகிவிடக்கூடும். சமயச் சாயல் இல்லாத பழியும் உண்டு: ஈரத்தலையோடு நின்றதால், குளிர்ந்ததை உண்டதால் என்று நோயாளியையே குற்றவாளியாக்கும் வீட்டுப் பேச்சு, வினைக் கணக்கை இப்பிறவிக்குள் சுருக்கி எழுதியதே அன்றி வேறல்ல. மூச்சுப் பயிற்சியில் ஒரு நாசி திறக்கவில்லை என்றால் மனம் ஒடுங்கவில்லை என்று கூறும் ஆசிரியர்களும் இருக்கின்றனர். இடகலை, பிங்கலை என்று யோக நூல்கள் பேசும் நாசி மாற்றத்தை ஒத்த ஒன்று, நலமுள்ள மூக்கிலும் சில மணிக்கு ஒருமுறை இரு புறமும் மாறி மாறி வீங்கித் தளர்வதாக நிகழ்கிறது. ஜெர்மானிய மருத்துவர் கைசர் 1895இல் அதை விவரித்தார். சதையால் அடைபட்ட நாசியோ மாறுவதற்கே வழியற்றது. அங்கே குறை சாதகனின் ஒழுக்கத்தில் இல்லை.

எனினும் சைவ சித்தாந்தத்தின் ஒரு கருத்து இந்நோயின் இயல்போடு வியக்கத்தக்க வகையில் ஒத்துச் செல்கிறது. வாசனை என்ற சொல் தமிழில் மணத்தையும் குறிக்கும். அழிந்த பின்னும் எஞ்சி நிற்கும் பழக்கத்தின் சுவட்டையும் குறிக்கும். பெருங்காயத்தை எடுத்துவிட்ட பின்னும் பாண்டத்தில் அதன் மணம் நிற்பதைப் போல, உயிரைப் பிணிக்கும் அழுக்காகிய மலம் நீங்கி, உடலோடு இருக்கும்போதே வீடுபெற்ற சீவன்முத்தனிடத்தும் உடல் உள்ளவரை அதன் சாயல் தலைகாட்டும் என்றும், அதனையே வாசனாமலம் என்றும் ஆசிரியர்கள் விளக்குவர். தொல்காப்பியம் உயிர்களுக்கு மூன்றாம் அறிவாக எண்ணும் மணத்தை நோயாளியிடமிருந்து பறித்துக்கொண்டு, அறுத்த இடத்தில் மீண்டும் தலைகாட்டுகின்ற சதையிலும் நிலைமை இதுவே. கத்தி எடுப்பது குலைகளை மட்டும். குலைகளை வளர்த்த அழற்சியின் சாய்வு மென்படலத்தில் எஞ்சியிருக்கிறது. ஆகவே மருத்துவர்கள் அறுவைக்குப் பின்னும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதையும், ஸ்டீராய்டு மருந்தை மூக்கினுள் தெளிப்பதையும் நாள்தோறும் தொடரச் சொல்கின்றனர். அவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு, இன்டர்லூக்கின் 4, 13 ஆகியவற்றின் செய்தியைத் தடுக்கும் டூபிலுமாப் ஊசி 2019 முதல் இந்நோய்க்கெனவே அமெரிக்காவில் ஏற்பிசைவு பெற்றுள்ளது. சிவஞான போதத்தின் 12ஆம் நூற்பாவும், வீடுபெற்றவன் செய்ய வேண்டியது என்ன என்று கூறுமிடத்தில், மலத்தைக் கழுவுதலையும் அடியார் கூட்டத்தை விட்டு நீங்காமையையும் திருக்கோயில் வழிபாட்டையும் சொல்கிறது. அங்கே எஞ்சிய வாசனைக்காக எவரும் சீவன்முத்தனைப் பழிப்பதில்லை. பாண்டத்தை மீண்டும் மீண்டும் கழுவும்படி மட்டுமே அவனுக்குச் சொல்லப்படுகிறது.