அருவாளுக்குப் பாவம் உண்டா?

'மரம் வெட்டுறவன் குடும்பம் வெளங்காது' என்று புதுச்சேரியில் எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. இதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் மரத்துக்குச் சொந்தக்காரர்கள். ஆளைக் கூப்பிட்டு, கிளையைக் காட்டி, கூலி பேசி, மேலே ஏற்றி விடுகிறவர்களும் அவர்களேதான். கிழவிகளின் மூடநம்பிக்கை என்று பகுத்தறிவு பேசி இதைத் தாண்டிப் போய்விடலாம். நான் போகத் தயாராக இல்லை. ஒரு செயலின் பலன் யாருக்கு, பழி யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் ஒரு முழுக் கணக்கு இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். நம் எழுத்தாளர்கள் மரத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், மரத்தின் மேல் நிற்கிறவனைப் பற்றி எழுதவில்லை.

மேலே ஒருத்தர், கயிற்றுக்கு ஒருத்தர், தெருவில் போகிற வண்டியை நிறுத்த ஒருத்தர். மூணு பேர் இல்லாமல் நகரத்துக்குள் பெரிய மரத்தைத் தொட முடியாது. கிராமத்தில் மரம் விழ இடம் இருக்கும். இங்கே மரத்துக்குக் கீழே ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், ஒரு பக்கம் கரண்டு கம்பி, ஒரு பக்கம் யாருடையதோ கார். ஆகவே எதையும் 'விழவைக்க' முடியாது, இறக்கத்தான் வேண்டும். கிளையை மேல் கவையில் கயிறு போட்டுக் கட்டி, அறுத்து, ஊஞ்சல் மாதிரி ஆட விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்க வேண்டும். கீழே கயிறு பிடிப்பவர் ஒரு நொடி அசந்தால் மேலே இருப்பவரின் நெஞ்சில் வந்து அடிக்கும்.

ஏறுவதற்கு முன்னால் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். கும்பிடுவதற்காக அல்ல. அடியில் காளான் முளைத்திருக்கிறதா, மண் எங்கேயாவது விண்டிருக்கிறதா, பொந்து எது, முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அருவாளின் பின்பக்கத்தால் தட்டினால் நல்ல மரம் கெட்டியாகச் சொல்லும், புரையோடிய மரம் 'தொம்'மென்று சொல்லும். புளி வளைந்து கொடுக்கும், நம்பி நிற்கலாம். முருங்கையில் ஆள் ஏறக்கூடாது. மயில்கொன்றை சொல்லாமல் கொள்ளாமல் முறியும். தூங்குமூஞ்சி மரத்தின் நீண்ட கிளை காற்றே இல்லாவிட்டாலும் தன் பாரத்தாலேயே ஒடியும். தென்னை வேறு தொழில். தென்னை ஏறுகிறவர் எல்லாரும் மா மரம் ஏறிவிட முடியாது.

வெட்டிலும் கணக்கு இருக்கிறது. கனமான கிளையை நேரே மேலிருந்து அறுத்தால் பாதியில் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அதனால் முதலில் கீழ்ப்புறம் ஒரு வெட்டு, கொஞ்சம் தள்ளி மேல்புறம் ஒரு வெட்டு, பாரம் போன பிறகு மிஞ்சிய கட்டையை எடுக்க மூன்றாவது வெட்டு. அந்த மூன்றாவதை அடிமரத்தோடு வழுவழுவென்று இழைக்கக்கூடாது. கிளை புறப்படும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு வீக்கம் இருக்கும், அதை விட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, நம் தோலில் புண் ஆறுவது போல மரத்தில் ஆறுவதில்லை, அழுகலைச் சுற்றி மரம் சுவர் எழுப்பிக்கொள்கிறது என்று 1970களில் நிறுவினார். அந்தக் கழுத்துப்பட்டையை ஏன் தொடக்கூடாது என்பதற்கு விளக்கம் அப்போதுதான் தெளிவாகக் கிடைத்தது. எங்கள் ஆட்களில் எல்லாரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நல்ல கைக்காரர்கள் கடைப்பிடிக்கிறார்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சொல்லும் பாராட்டு ஒன்று உண்டு: 'உங்காளுங்களுக்கு இது பொறப்புலயே வந்துடுதுப்பா.' கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் பிறப்பில் வந்ததற்கு யாராவது கூலி கொடுப்பார்களா? குருவி கூடு கட்டினால் கொத்தனார் சம்பளம் கொடுக்கிறோமா? பழகியும் விழுந்தும் அடிபட்டும் சேர்த்த அறிவை 'ரத்தம்' என்று சொல்லிவிட்டால் அது அறிவு இல்லை என்றாகிவிடுகிறது. சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்யும் மனிதர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். அந்த அடுக்கு திட்டினால் மட்டும்தான் நிற்கும் என்றில்லை, இப்படிப் பாராட்டினாலும் நிற்கும். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஜான் டேவி என்ற தோட்டக்காரர் 1901இல் மர வைத்தியர் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் போட்டார். பிறகு கம்பெனியும் நடத்தினார். பிரான்சில் கிளை வெட்டுகிறவருக்கு அரசுச் சான்றிதழ் இருக்கிறது. அங்கே கற்றுக்கொள்கிற தொழில், இங்கே 'பொறப்பு'.

இப்போது பாவத்துக்கு வருகிறேன்.

மரம் வெட்டுவது பாவம் என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கிளை, எவ்வளவு, என்றைக்கு என்று முடிவு செய்தது வீட்டுக்காரர். ஏறினவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 'சொன்னதைச் செய்யி, காசு வாங்கிக்கினு போ.' அதாவது அவர் கருவி, அருவாளின் நீளம். சரி. கருவிக்குப் பாவம் ஏது? அருவாள் நரகத்துக்குப் போகுமா? இல்லை, பாவம் அவரைத்தான் சேரும் என்றால், அவர் யோசித்து முடிவெடுக்கும் மனிதர் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். அப்படியானால் 'இந்த மரத்த இப்பிடி வெட்டக்கூடாது சார்' என்று அவர் சொல்லும்போது நின்று கேட்க வேண்டும். ஆதிக்கசாதி நீதி இந்த இரண்டையும் ஒரே ஆள் தலையில் வைக்கிறது: கூலி பேசும்போது கருவி, பழி சொல்லும்போது மனிதன். செத்த மாட்டை எடுக்கச் சொன்னவருக்கு இல்லாத தீட்டு எடுத்தவருக்கு ஒட்டிக்கொண்டதும் இதே வழியில்தான்.

மயமதம் போன்ற சிற்ப நூல்களில், மரத்தை வெட்டுமுன் அதில் குடியிருக்கும் பூதங்களை வேறிடம் போகச் சொல்லி வேண்டும் சடங்கு இருக்கிறது. வெட்டச் சொல்பவருக்குத் தப்பிக்க வழி அப்போதே எழுதப்பட்டாயிற்று. இன்றைக்கும் வேம்பு, அரசு என்றால் வீட்டுக்காரர் கற்பூரம் ஏற்றிவிட்டு உள்ளே போய்விடுவார், முதல் வெட்டு மட்டும் எங்கள் ஆள் போட வேண்டும்.

சுற்றுச்சூழல் நண்பர்களும் இதில் அதிகம் மாறவில்லை. தெருவில் மரம் வெட்டுப்பட்டால் வண்டியை நிறுத்திவிட்டு, மேலே இருப்பவரைப் பார்த்துத்தான் சத்தம் போடுகிறார்கள். கேட்டைத் தட்டி உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டவர் அபூர்வம்.

நம் பக்கத்தையும் பேசியாக வேண்டும். 'அவங்க சொன்னாங்க, நான் செஞ்சேன்' என்று எங்கள் ஆட்களும் சொல்வதுண்டு. வசதியான பதில். ஆனால் அது அருவாள் பேசும் பேச்சு. வீட்டுக்காரர் 'மொட்டையடிச்சுடு' என்பார், இலை விழுந்து வாசல் குப்பையாகிறதாம். மொட்டையடித்த மரத்தில் வெட்டுவாய் அழுகும். அதைச் சுற்றிக் கொத்தாகக் கிளைகள் வெடிக்கும், அவற்றுக்கு மரத்தில் ஆழமான பிடிப்பு இருக்காது. அடுத்த புயலில் அதுதான் முதலில் வரும். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்த ஊர் எத்தனை மரங்களை இழந்தது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் தப்பவில்லை. 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' வந்து ஒரே நாளில் 46 செண்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, மண் குழைந்துபோயிற்று. அந்த மாதிரி நாட்களில் மட்டும் எங்கள் ஆட்களைத் தேடி வீடு வரைக்கும் வருவார்கள், 'அண்ணே' என்றுகூடச் சொல்வார்கள். சாய்ந்து, வேர் தூக்கி, கம்பியோடு முறுக்கிக் கிடக்கும் மரம் நிற்கிற மரத்தைவிட ஆபத்தானது. அறுக்கும்போது எந்தப் பக்கம் உதறும் என்று தெரியாது. அதற்கும் அதே நாள்கூலிதான் பேசுவார்கள்.

மாட்டேன் என்று சொல்கிறவர்கள் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் பெரியவர் ஒருத்தர் வேம்பை மொட்டையடிக்க முடியாது, நடுவில் கிளை கழித்துத் தருகிறேன் என்றார். அன்றைக்கே வேறு ஆள் வந்தார், வேலை முடிந்தது. பெரியவருக்கு அன்று கூலி இல்லை. அந்த வீடு ஆதிக்கசாதி வீடு அல்ல, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடு, நம்மாள் வீடு. தோழர்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் இந்த ஊர் நீதிமன்றத்துக்குள் ஐரோப்பியச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனதற்காகத் தடுக்கப்பட்டார். பாரிஸ் வரை வழக்கை எடுத்துப்போய் வென்றார். 1881இல் பிரெஞ்சு அரசாணை, சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் கீழ் வர வழி திறந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் பலர் அதில் நுழைந்தார்கள். அந்தச் சட்டத்தின் 673ஆவது பிரிவு, பக்கத்து வீட்டு மரக்கிளை எல்லை தாண்டினால் உரிமையாளரை வெட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம் என்கிறது. இரண்டு வீட்டுக்காரர்களின் உரிமை அதில் இருக்கிறது. ஏறுகிறவர் அதில் இல்லை. சப்பாத்து வழக்கு நடந்த ஊரில் அவர் இன்னும் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறார். வெறுங்காலில்தான் மரத்தில் பிடி கிடைக்கும் என்பது உண்மை. கேட்டிலிருந்து மரம் வரைக்கும் என்ன பிடி வேண்டியிருக்கிறது?

விழுந்தால்? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்து அட்டவணையில் பனைமரத்தில் கள் இறக்குவதும் மரம் வெட்டுவதும் பெயர் சொல்லியே இருந்தன. ஆனால் தொழிலுக்காக அல்லாமல் எப்போதாவது வேலைக்குக் கூப்பிடப்படுகிறவர் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்று அதே சட்டம் வாசலிலேயே நிறுத்தியது. வீட்டு மரம் வெட்டுகிறவர் சரியாக அந்த இடத்தில்தான் நின்றார். 2000இல் செய்த திருத்தம்தான் அந்த வரியை எடுத்தது. இப்போது அந்தச் சட்டம் 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. காகிதத்தில் வழி திறந்தாயிற்று, கையில் காகிதம்தான் இல்லை. யார் கூப்பிட்டார், என்ன கூலி, எந்த மரம் என்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றும்போதே 'நாங்க ஏறச் சொல்லல, அவனாத்தான் ஏறுனான்' என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்ததை நானே கேட்டிருக்கிறேன். கூலிக்குக் கருவியாக இருந்தவர் ஆஸ்பத்திரிச் செலவு வந்ததும் சுயமாக முடிவெடுக்கும் மனிதராகிவிட்டார்.

எங்கள் தெருப் பையன்கள் சிலர் இப்போது இடுப்புப் பெல்ட்டும் மோட்டார் ரம்பமும் சொந்தமாக வாங்கியிருக்கிறார்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறார்கள். மரம், எந்தெந்தக் கிளை, கரண்டு நிறுத்தியாயிற்றா, என்ன கூலி, எப்படி வெட்டலாம் என்று தாங்கள் சொன்னது என்ன, வீட்டுக்காரர் கேட்டது என்ன என்று எழுதி, அடியில் அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். மறுத்துவிட்டு வந்த வீடுகளையும் எழுதி வைக்கிறார்கள். கையெழுத்து என்றதும், 'மரம் வெட்டறதுக்கு இன்னாப்பா ரிஜிஸ்டர் ஆபீஸா?' என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். 'ஆமா சார்' என்று சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டுகிறார்கள்.