ஷுக்ர் யார் மீது கடமை?

'அல்ஹம்து லில்லாஹ்' என்று நாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்! தொழுது முடித்தால் 33 முறை. உண்டால், தும்மினால், யாரேனும் நலம் விசாரித்தால் மறுபடியும். நாவு பழகிவிட்டது. உள்ளம் பழகிற்றா?

அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலா என்ற இரு உளநூல் அறிஞர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு சாரார் தமக்குக் கிடைத்த நலன்களில் ஐந்து வரை வாரந்தோறும் எழுதினார்கள். இன்னொரு சாரார் தொல்லைகளை எழுதினார்கள். பத்து வாரங்களில் முன்னவர்களிடம் உடல் உபாதை குறைந்தும், வருங்காலத்தைப் பற்றிய நம்பிக்கை மிகுந்தும் காணப்பட்டன. நரம்புத் தசை நோயாளிகள் 21 நாட்கள் எழுதியபோது உறக்கம் மேம்பட்டது. பிந்திய ஆய்வுகள் பலன் சிறிதே என்கின்றன. இருக்கட்டும், உறக்க மருந்தாகவா நாம் ஷுக்ர் செய்கிறோம்?

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஷுக்ருக்கு இல்மு, ஹால், அமல் என மூன்று பகுதிகள் உண்டென்று இஹ்யாவில் விளக்குகிறார்கள். நிஃமத் அல்லாஹ்விடமிருந்து வந்தது என அறிவது இல்மு. அதனால் உள்ளம் மகிழ்வது ஹால். கொடுத்தவன் விரும்பும் வழியில் அதைச் செலவிடுவது அமல். ஆய்வாளர்கள் அளந்தது பெரும்பாலும் ஹாலைத்தான். தாவூது நபி (அலை) அவர்களின் குடும்பத்தாரை அல்லாஹ் ஏவியதோ, செயலால் நன்றி செலுத்துமாறு!

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. கோடையில் மணலாகக் கிடக்கும் தென்பெண்ணை, திருக்கோவிலூரில் கரை கொள்ளாமல் ஓடிற்று. ஆற்றோரத்துத் தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

இப்படி நனைந்து நிற்பவரிடம் போய், "உயிர் தப்பியதே, ஷுக்ர் செய்யுங்கள்" என்று உபதேசிப்போர் நம்மில் உண்டு. அவராகச் சொன்னால் அது அவருடைய ஈமானின் உயர்வு. நாம் அதைக் கேட்டு வாங்குவது முறையன்று. அவருக்கு முன் நிற்பது ஸப்ரு. ஷுக்ர் நம்மைத்தான் நோக்குகிறது, வீடு நனையாத நம்மை! நமக்குக் கீழே உள்ளவர்களைப் பாருங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதைக்கூட, பார்த்து ஆறுதலடைந்து நடையைக் கட்டுவதற்கான அனுமதியாக்கிக் கொண்டோமே!

ஐந்தை எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம். உலர்ந்த பாய், பானையில் அரிசி, காய்ச்சலில்லாத பிள்ளை என்று எழுதிய பின், ஒவ்வொன்றுக்கும் எதிரே சிறிது இடம் விடுங்கள். அது இல்லாதவரின் பெயரை அங்கே எழுத வேண்டும். விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.