கல்லாவுக்கு அந்தப் பக்கம்

ஒருவரைத் தெரியும் என்று எப்போது சொல்லலாம்? தினமும் முகம் பார்த்தால் போதுமா? திருப்பதியில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்தவர் எங்கள் சந்தில் மளிகைக் கடை வைத்திருந்த செட்டியார்.

கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றி இரண்டு வகைக் கடைகள் உண்டு. சுவாமி படமும் செப்புக் காப்பும் விற்கும் கடைகளில் வாங்குகிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். சந்துக் கடைகள் எங்களுக்கானவை. செட்டியார் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டித் துவரம்பருப்பைக் கொட்டுவார். மேலே தொங்கும் உருண்டையிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று அறுப்பார். எங்கள் பற்று நோட்டில் தெலுங்கில் எழுதிக்கொண்டே, "நைனா, அம்மாவுக்கு ஜுரம் விட்டுச்சா?" என்று தமிழில் விசாரிப்பார். எங்கள் ஊர் அப்போது இருந்த, 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திராவோடு போனது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. எல்லை எப்படி நகர்ந்தாலும் எங்கள் கடைத்தெருவில் இரண்டு மொழியும் புழங்கின. யார் வீட்டில் எந்த மொழி, யாருக்கு என்ன உடம்பு, யாருக்குச் சம்பளம் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் செட்டியாருக்கு அத்துப்படி.

மே மாதத்தில் எங்கள் ஊர்த் தெய்வமான தாத்தய்யகுண்டா கங்கம்மாவின் ஜாத்திரை வரும். பெண்களைச் சீரழித்த பாளையக்காரன் ஒருவனைத் தேடி, கங்கம்மா வேஷம் மாற்றி மாற்றி அலைந்து, கடைசியில் அவன் தலையைக் கொய்தாள் என்பது கதை. அதனால் அந்த வாரம் முழுக்க ஊரே வேஷம் கட்டும். பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம், தொர வேஷம் என்று நாளுக்கு ஒன்று. பண்ட வேஷக்காரர் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி வையலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. நேர்ந்துகொண்ட ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்துக் கோயிலுக்குப் போவார்கள்.

ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில் செட்டியாரைப் பார்த்தேன். அரக்குப் பட்டு, முழங்கை வரை வளையல், மஞ்சள் பூசிய முகம். அடையாளம் தெரியவே ஒரு நிமிஷம் ஆனது. மகள் பிழைத்து எழுந்ததற்கான வேண்டுதல் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தாளாம். அவ்வளவு நாளும் அவர் கடை திறந்திருந்தது. நூல் அறுந்தது, பற்று எழுதப்பட்டது, எங்கள் வீட்டு ஜுரத்தை அவர் விசாரித்தார். அவர் வீட்டைப் பற்றிச் சந்தில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

பழைய கடைகள் போய்விட்டன என்று இன்று பலரும் வருந்துகிறோம். அந்த வருத்தம் உண்மையானது. கைமாற்றாகக் கொடுத்த அரிசியும், பெயர் சொல்லி அழைத்த குரலும் சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் நாம் இழந்ததாக எண்ணுவது நம்மைத் தெரிந்துவைத்திருந்த ஒருவரைத்தான். அவரை நாம் தெரிந்துகொண்டோமா என்பது வேறு கணக்கு. பிறர் நம்மை அறிந்திருப்பது சுகம். நாம் பிறரை அறிவதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். காய்கறி வண்டிக்காரருக்கும் அடுக்குமாடிக் காவலாளிக்கும் இன்றும் நம் வீட்டு நிலவரம் தெரியும். அவர்கள் வீட்டு நிலவரத்தை நின்று விசாரிப்பதற்கு எந்தப் பழைய காலமும் திரும்பி வரவேண்டியதில்லை. அந்தப் பற்று நம் பெயரில்தான் நிற்கிறது. அதை நாம்தான் தீர்க்க வேண்டும்.