செவிலியின் உடம்பு யாருக்குச் சொந்தம்?

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ஜிஎஸ்டி சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் போனால், பேருந்து நிறுத்தங்களில் நிற்பவர்களில் பலர் செவிலியர்களாக இருப்பார்கள். குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சானடோரியத்தில், 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இல்லம் இன்று பெரிய நெஞ்சக நோய் மருத்துவமனை. தனியார் ஆஸ்பத்திரிகளுக்குக் கணக்கே இல்லை. இதே தென்சென்னை கபடிக்கும் பேர் வாங்கியிருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அதன் துணைத்தலைவியாக ஆடியவர் கண்ணகி நகர் கார்த்திகா.

இந்த இரண்டு வழியிலும் ஒரே பெண் நடக்க நினைத்தால் என்ன ஆகும்? நர்சிங் முடித்து வேலைக்குப் போகும் பெண், கபடியையும் விடமாட்டேன் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "கை உடைந்தால் டியூட்டிக்கு எப்படிப் போவாய்?" என்பது. நியாயமான கேள்விதான். விரல் எலும்பு விலகினால் நரம்பில் ஊசி ஏற்ற முடியாது. கையில் சிராய்ப்பு இருந்தால் நோயாளிக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. நோயாளியைத் தொட்டு ஆற்றும் கை, எதிரணிக்காரியின் கணுக்காலைப் பிடித்து மண்ணில் சாய்க்கலாமா? சேவைக்கென்று ஒப்புக்கொடுத்த உடம்பை விளையாட்டுக்காகப் பணயம் வைக்கலாமா?

இது சமயம் சார்ந்த கேள்வி. நம் ஊர் நர்சிங் கல்லூரிகளில் மாணவிகள் விளக்கேற்றி எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழி 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எழுதப்பட்டது. கடவுளை முன்வைத்து, தூய வாழ்வையும் பிறர் நலத்துக்கான அர்ப்பணிப்பையும் அது கேட்கிறது. வெள்ளை உடையும் கை விளக்குமாக நிற்கும் அந்தப் பெண்ணிடம் சமூகம் எதிர்பார்ப்பது ஏறக்குறைய ஒரு துறவியை. துறவிக்குக் கபடி எதற்கு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது.

நம்முடைய பழைய மருத்துவ மரபு அவளை அப்படிப் பார்க்கவில்லை. வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணிவிடை செய்பவருக்கும் சம இடம் கொடுத்தார். சுசுருத சம்ஹிதை அந்தப் பணிவிடையாளருக்கான தகுதிகளையே சொல்கிறது: அன்புடையவர், அருவருப்புக் கொள்ளாதவர், நோயாளியைக் காப்பதில் கருத்துள்ளவர், மருத்துவர் சொன்னபடி செய்பவர். அந்த வரிசையில் இன்னும் இரண்டு உண்டு. அவர் பலமுள்ளவராக இருக்க வேண்டும், சோர்வு அறியாதவராகவும் இருக்க வேண்டும்.

பலம் என்ற தகுதி அங்கே இருப்பது வியப்பில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் புரட்டிப் போட்டு, சக்கர நாற்காலிக்கு மாற்றி, கழிவறைக்குத் தாங்கிப் பிடித்து அழைத்துப்போகும் வேலை அது. இடுப்புவலியும் முதுகுவலியும் செவிலியர்களின் தொழில் நோய்களாக உலகமெங்கும் அறியப்பட்டவை. வார்டில் முதுகு போனால் தியாகம், கபடிக் களத்தில் முழங்கால் போனால் பொறுப்பின்மை என்று சொல்வது நேர்மையான கணக்கு அல்ல.

ஆனாலும் அகிம்சையைப் பற்றிய கேள்வியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. ஹிம்சை எது என்பதில் மிகக் கறாராக இருந்தவர்கள் சமணர்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் வைத்து ஹிம்சையை வரையறுக்கவில்லை. கவனமின்மையும் உணர்ச்சி வேகமும் தூண்ட நேரும் ஊறு என்கிறது. புத்தரும் செயலின் வேரை எண்ணத்தில்தான் வைத்தார். இந்த அளவுகோலைக் கபடிக்கு வைத்துப் பார்க்கலாம். பெண்கள் ஆடும் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பாடி வருபவருக்கு 30 விநாடி. அவரைத் திரும்ப விடாமல் பிடித்து நிறுத்துவதுதான் ஏழு பேரின் நோக்கம். காயப்படுத்துவது நோக்கமல்ல, அப்படிச் செய்தால் அது தவறாட்டம். இரு பக்கமும் சம்மதித்துத்தான் கோட்டுக்குள் இறங்குகிறார்கள்.

எண்ணம் சுத்தமாக இருந்தால் உடம்பு உடையாது என்று இதற்குப் பொருளில்லை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு இளைஞர் கபடி ஆடிக்கொண்டிருக்கும்போதே களத்தில் விழுந்து இறந்தார். அதை மறந்துவிட்டுக் கபடியைப் புகழக் கூடாது.

குத்துச்சண்டை இன்னும் கடினமான வழக்கு. அங்கே எதிராளியின் தலையில் அடிப்பதற்கும் புள்ளி உண்டு. உலக மருத்துவச் சங்கம் 1983இல் வெனிஸ் மாநாட்டில் குத்துச்சண்டையைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 2005இல் ரோம் நகரின் இயேசு சபை இதழான லா சிவில்தா கத்தோலிக்கா, தொழில்முறைக் குத்துச்சண்டையைக் கொலை முயற்சிக்கு ஒப்பாகக் கண்டித்தது. ஆனால் அதே கிறித்தவ மரபில், தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் தன் ஆன்மிகப் பயிற்சியை விளக்க எடுத்துக்கொண்ட உருவம் குத்துச்சண்டை வீரனுடையது.

ஜப்பானின் அரிசா சுபாடா இந்த முரணின் நடுவே நின்றவர். மருத்துவமனையில் செவிலி, வளையத்துக்குள் குத்துச்சண்டை வீராங்கனை. கொரோனா காலத்தில் பணியையும் பயிற்சியையும் சேர்த்துச் சுமந்தபடி டோக்கியோ ஒலிம்பிக்கைக் குறிவைத்தார். 2021இல் கடைசித் தகுதிச்சுற்று ரத்தானதால் அவருடைய வாய்ப்பு பறிபோனது. ஆஸ்திரேலியாவின் ரேச்சல் லிஞ்ச் அந்த ஒலிம்பிக்கில் ஆடினார். 2019இல் உலகின் சிறந்த ஹாக்கி கோல்கீப்பராகத் தேர்வான அவரும் பெர்த் நகரில் பணியாற்றிய பதிவு பெற்ற செவிலிதான். இவர்களைப் பார்த்து, அடி வாங்கத் துணிந்ததால் பரிவு குறைந்துபோயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. வலியைத் தானே வாங்கிப் பார்த்தவருக்கு, வலிக்கிறது என்று முனகும் நோயாளியின் குரல் தெளிவாகக் கேட்கும் என்றே நம்பத் தோன்றுகிறது.

பல்லாவரத்துக்கு இந்த விவாதத்தில் தனி உரிமை உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பணியை விட்டு, 1911இல் துறவாடை ஏற்ற மறைமலையடிகள் வாழ்ந்தது இங்கேதான். துறவு பூண்டவர் உடம்பைத் துச்சமாக எண்ணவில்லை. மனிதர் நூறாண்டு நலமாக வாழும் வழியைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். அவர் நின்ற சைவ மரபில் திருமூலர் இருக்கிறார். உடம்பை இழிவென்று முதலில் எண்ணி, பிறகு அதற்குள்ளேயே இறைவன் குடியிருப்பதைக் கண்டு, அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரம் பேசுகிறது. பேணுவது என்றால் பொத்திவைப்பது மட்டுமா? ஓடவும் மூச்சடக்கவும் விழுந்து எழவும் பழக்குவதும் பேணுவதுதான். ஜீவகாருண்யத்தை வழிபாடாகவே போதித்த வள்ளலாரின் அன்பர்கள் நிறைந்த ஊர்களில், அந்தக் காருண்யம் காட்டுபவரின் ஜீவனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நவீனச் செவிலிய அறநெறியும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் 2001ஆம் ஆண்டு நெறித் தொகுப்பு, செவிலி பிறருக்குச் செய்யும் அதே கடமைகளைத் தனக்கும் செய்யக் கடமைப்பட்டவர் என்று எழுதியது. உலகச் செவிலியர் மன்றத்தின் நெறியோ, பணியின் தரம் கெடாத அளவுக்கு உடல்நலத்தைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது. முதலாவது ஆட அனுமதிக்கிறது, இரண்டாவது எல்லை போடுகிறது. இரண்டும் தேவை.

சுசுருதர் பட்டியலில் இருந்த அந்தச் சோர்வறியாமைதான் மறுபரிசீலனைக்கு உரியது. விடிய விடிய ஐசியுவில் நின்றுவிட்டு, தூங்காமல் மாலையில் பயிற்சிக்குப் போய், மறுபடி நைட் டியூட்டிக்கு வருபவர் மருந்தின் அளவைத் தவறாகப் படிக்கக்கூடும். அதை மன உறுதியால் சரிக்கட்ட முடியாது. தமிழ்நாட்டில் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காகப் பணி நிரந்தரத்துக்குக் காத்திருக்கும் செவிலியர்கள், ஷிப்டை மாற்றித் தாருங்கள் என்று கேட்கவே தயங்குவார்கள். கபடி வீராங்கனை ரயில்வேயில் சேர்ந்தால், ஆடுவதும் அவருடைய பணியின் பகுதி ஆகிறது. அதே பெண் மருத்துவமனையில் சேர்ந்தால் ஆட்டம் அவருடைய சொந்தப் பிரச்சினை.

குறைந்தபட்சம் ஒரு விதியையாவது மருத்துவமனைகள் உடனே எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டில் தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்பதை 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டின் ஒருமித்த அறிக்கை தெளிவாக வகுத்திருக்கிறது: தொடக்கத்தில் 24 முதல் 48 மணி நேரம் இலேசான நடமாட்டத்துடன் கூடிய ஓய்வு, பிறகு அறிகுறிகளைக் கவனித்தபடி படிப்படியாகக் களத்துக்குத் திரும்புதல். களத்துக்குத் திரும்ப இப்படி ஒரு ஒழுங்கு இருக்கும்போது, மருந்து வண்டியின் முன் திரும்பி நிற்பதற்கும் அதே ஒழுங்கு வேண்டும். ஞாயிறு மாலை போட்டியில் தலையில் அடிபட்ட செவிலி அதை மறைக்காமல் சொல்லவும், சொன்னதற்காகச் சம்பளமோ பெயரோ இழக்காமல் இருக்கவும் டியூட்டி பட்டியல் போடும் கண்காணிப்பாளர் வழி செய்ய வேண்டும்.