விருந்தாய் வந்த பிள்ளை

பிறர் பெற்ற பிள்ளை மீது நம் உள்ளத்தில் அன்பு சுரப்பது, அருளாளனாகிய அல்லாஹ் மனிதருக்குள் வைத்த கருணையின் அடையாளமாகும். அவ்வன்பு முதிர்ந்து, 'இப்பிள்ளை நம்மிடமே இருந்துவிடலாகாதா?' என்னும் ஏக்கமாக மாறும் இடத்தில் ஓர் அறக்கேள்வி பிறக்கின்றது. அன்பு செலுத்தியதனாலேயே பிள்ளை மீது நமக்கு உரிமை உண்டாகிவிடுமா? விடைகொடுத்து அனுப்புவது அன்பின் குறைவா, அன்றி அன்பின் நிறைவா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

இஃது ஏட்டளவில் எழுந்த கேள்வியன்று. அல்ஜீரியா நாட்டின் தென்மேற்கு மூலையில் திந்தூஃப் என்னும் பாலைவன நகர் உள்ளது. 1975ஆம் ஆண்டின் இறுதியில் மேற்கு ஸஹாராவில் மூண்ட போரினால் வீடுவாசல் துறந்த ஸஹ்ராவி முஸ்லிம்கள், அந்நகரைச் சூழ்ந்த முகாம்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். ஸ்மாரா, தாக்லா, அல்-உயூன் எனத் தாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே அம்முகாம்களுக்கும் சூட்டியுள்ளனர். கோடையில் அங்கு வெப்பம் 50 டிகிரியை நெருங்கும். அவ்வெயிலினின்றும் பிள்ளைகளைக் காக்க, 1970களின் இறுதி தொட்டு ஸ்பெயின் நாட்டுக் குடும்பங்கள் பல முன்வந்தன. 'சமாதான விடுமுறை' என வழங்கும் அத்திட்டத்தின்படி, பெரும்பாலும் 8 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய இரு மாதங்கள் அங்கு விருந்தினராகத் தங்குவர். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் தடைப்பட்ட இவ்வழக்கம் பின்னர் மீண்டும் தொடர்ந்தது.

குழாயைத் திருகினால் நீர் கொட்டுவதையும், கரைகாணாக் கடலையும் அப்பிள்ளைகளுள் பலர் முதன்முதலாக அங்கேதான் காண்கின்றனர். மருத்துவர்கள் அவர்தம் கண்ணையும் பல்லையும் சோதிக்கின்றனர். மொழி புரியாத வீட்டில் முதல் வாரம் மிரண்டு நின்ற பிள்ளை, இரண்டாம் மாதத்தில் அவ்வீட்டின் செல்லமாகிவிடும். ஆகஸ்ட் முடிவில், முகாமிலுள்ள தாய்க்கும் தம்பி தங்கையர்க்கும் வேண்டிய துணிமணிகளும் மருந்துகளும் நிறைந்த பையைச் சுமந்து அது விமானம் ஏறும்போது, வளர்த்த கைகள் நடுங்குகின்றன. 'அந்தப் பாலைக்கு ஏன் இதனைத் திருப்பியனுப்ப வேண்டும்? தத்தெடுத்துக் கொண்டால் என்ன?' என்னும் எண்ணம் அந்நேரத்தில் எழுவது இயற்கையே. அதனை நாம் இகழமாட்டோம்.

ஆயின், அங்கே கூடாரத்தில் ஒரு தாய் நாளெண்ணிக் காத்திருக்கிறாள். அவள் தன் பிள்ளையை வெயிலுக்கு அஞ்சி அனுப்பினாளேயன்றி, கொடுத்துவிடவில்லை. வறுமை பெற்றோரின் உரிமையைப் பறித்துவிடுமானால், உலகில் ஏழைகளின் பிள்ளைகளெல்லாம் செல்வர்க்கே உரியவராகிவிடுவர். அமானிதத்தை அதற்குரியவரிடமே ஒப்படைக்கப் பணிக்கின்றது திருமறை. பொன்னுக்கும் பொருளுக்கும் உள்ள இச்சட்டம் பிள்ளைக்கு மட்டும் இல்லாமற் போகுமா? அப்பிள்ளைகளுள் சிலர் மேற்படிப்புக்காக ஸ்பெயின் குடும்பங்களில் பள்ளியாண்டு முழுவதும் தங்குவதற்கும் ஒரு திட்டம் உண்டு. 'மத்ரஸா' என்பதே அதன் பெயர். அதிலும் பெற்றோரின் இசைவே அடிப்படை. பிள்ளைக்கு உதவ விரும்புவோர்க்கு வழி அடைபடவில்லை. தாயைக் கடந்து செல்லும் வழி மட்டுமே அடைபட்டுள்ளது.

இப்பிரிவின் துயர் நம் வரலாற்றுக்குப் புதிதன்று. அகிலத்தின் அருட்கொடையாம் அண்ணல் நபி (ஸல்) அவர்களே பிறர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைதாம். மக்கத்துக் குறைஷியர் வழக்கப்படி, பாலூட்டி வளர்க்க ஸஅத் கோத்திரத்துச் செவிலித்தாய் ஹலீமா (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். ஈராண்டு கழிந்து பால்குடி மறந்ததும் அன்னை ஆமினாவிடம் குழந்தையைக் கொணர்ந்த ஹலீமா, பிரிய மனமின்றி, மக்காவின் நோய்க் காற்றைக் காரணம் காட்டி, இன்னும் சில காலம் தம்மிடமே விட்டுவைக்குமாறு மன்றாடினார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. ஹலீமாவின் அன்பு அங்கே ஒளிவின்றிக் கேட்டது. தாய் இசைந்த பின்னரே குழந்தையை மீண்டும் அழைத்துச் சென்றது. காலம் வந்தபோது திருப்பிக் கொடுத்தது. அதனால் உறவு அற்றுப்போயிற்றா? இல்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குப் பின், ஹலீமாவின் மகள் ஷைமா சிறைப்பட்டோருடன் வந்து தம்மை இன்னாரென்று அறிவித்தபோது, பெருமானார் (ஸல்) தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள். தம்முடன் தங்குவதா, தம் மக்களிடம் திரும்புவதா என்பதை அவர் விருப்பத்துக்கே விட்டார்கள். அவர் திரும்பிச் செல்லவே விரும்பினார். அன்பளிப்புகளுடன் அனுப்பி வைத்தார்கள்.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். திருப்பியனுப்பும் இடத்தில் தாயே இல்லையென்றால்? 1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் அணு உலை வெடித்ததன் பின்னர், நச்சுக்கதிர் படிந்த பெலாரஸ், உக்ரைன் நிலப்பகுதிகளின் பிள்ளைகளை இத்தாலி, அயர்லாந்து முதலிய நாட்டுக் குடும்பங்கள் ஆண்டுதோறும் வரவேற்றன. அவர்களுள் அனாதை இல்லத்துப் பிள்ளைகளும் இருந்தனர். 2006இல் இத்தாலியத் தம்பதியர் ஒருவர், தம்மிடம் வந்திருந்த பெலாரஸ் சிறுமி அவளது இல்லத்தில் கொடுமைக்கு ஆளானாள் என்று கூறி, அவளைத் திருப்பியனுப்ப மறுத்து ஒளித்து வைத்தனர். சில வாரங்களுக்குள் அவள் கண்டுபிடிக்கப்பட்டுத் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

இவ்வழக்கில் தீர்ப்புரைப்பது எளிதன்று. அச்சம் மெய்யாயின், கொடுமை நிகழும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதை அமானிதத்தை ஒப்படைத்தல் என்று கூறவியலாது. நம்பத்தகாதவன் பிள்ளையைப் பேணும் தகுதியை இழக்கிறான் என்பது ஃபிக்ஹு நூல்கள் ஏற்ற முடிபு. ஆயின், அதனை முடிவு செய்ய வேண்டியவர் காழீயேயன்றிப் பாசத்தால் கலங்கிய நெஞ்சமன்று. தெருவில் கண்டெடுத்த குழந்தையைப் பற்றி ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் 'லகீத்' என்றே தனிப்பாடம் உண்டு. அக்குழந்தையை எடுத்துக் காப்பது ஃபர்ளு கிஃபாயா. அவ்வாறு எடுக்கும்போதே சாட்சிகளை வைத்துக்கொள்வதும் கட்டாயம் என்கிறது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்'. எதற்காக? எடுத்தவனின் அன்பே நாளடைவில் பிள்ளையின் வமிசத்தையும் சுதந்திரத்தையும் விழுங்கிவிடக் கூடாதென்பதற்காக. ஒளித்து வைத்தல் எத்துணை நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும் சாட்சிகளை விலக்கி வைக்கிறது. அதுபோலவே, பிள்ளையின் வாயைத் திறந்து பேசவிடாமல், ஏட்டையும் முத்திரையையும் மட்டுமே பார்த்துத் தீர்ப்பளிப்பதும் நீதியாகாது. பகுத்தறியும் பருவம் எய்திய பிள்ளையைத் தாய் தந்தையருள் எவரிடம் இருக்க விரும்புகிறாய் என்று கேட்கச் சொல்லும் மத்ஹபன்றோ நம்முடையது?

ஸைது பின் ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு இதற்கு ஒளியூட்டுகின்றது. கல்பு கோத்திரத்துச் சிறுவராகிய அவர் கவரப்பட்டு, விற்கப்பட்டு, இறுதியில் நபிகளாரின் இல்லம் சேர்ந்தார். தந்தை ஹாரிஸா மீட்புப்பணத்துடன் தேடி வந்தபோது, ஸைது உங்களைத் தேர்ந்தால் பணமின்றியே அழைத்துச் செல்லலாம் என்றார்கள் பெருமானார். தந்தையின் கண்முன்னே ஸைது தம் எஜமானரையே தேர்ந்தார். பின்னர் அவர் 'முஹம்மதின் மகன் ஸைது' என்று அழைக்கப்பட்டார். மதீனாவில், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அஹ்ஸாப் அத்தியாயத்தின் இறைவசனம் இறங்கியதும், அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். மாறியது பெயர், குறையாதது அன்பு. மூத்தா போரில் படைத்தலைமை ஏற்று ஷஹீதாகும் வரை அவர் நபிகளாரின் நேசத்துக்குரியவராகவே இருந்தார்.

எனவே, இஸ்லாம் தத்தெடுப்பைத் தடுத்தது எத்தீம்களைக் கைவிடுவதற்காக அன்று. பிள்ளையின் வேரை அறுக்காமல் அதற்கு நிழல் கொடு என்பதே அதன் போதனை. 'கஃபாலா' எனப்படும் இம்முறையில், பொறுப்பேற்றவர் உணவும் கல்வியும் பரிவும் அளிப்பார். பிள்ளை தன் வமிசத்தை இழக்காது. வாரிசுரிமை இல்லையெனினும், சொத்தில் மூன்றிலொரு பாகம் வரை வஸிய்யத்து எழுதி வைக்கலாம். அல்ஜீரியாவின் 1984ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் தத்தெடுப்பை விலக்கிக் கஃபாலாவை ஏற்றது. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையும், குடும்பமிழந்த பிள்ளைகளைக் காக்கும் வழிகளுள் ஒன்றாகக் கஃபாலாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றது.

திருமறையில் இருமுறை, பிறர் பிள்ளையைக் கண்டோர், இவர் நமக்குப் பயன்படலாம், அன்றி மகனாக ஏற்கலாம் என்று கூறுவதாக வருகிறது. யூசுஃப் (அலை) அவர்களை விலைக்கு வாங்கிய மிஸ்ருவாசியும், மூஸா (அலை) அவர்களை ஆற்றில் கண்ட ஃபிர்அவ்னின் மனைவியும் அவ்வாறு கூறினர். இருவர் இல்லத்திலும் அப்பிள்ளைகள் வளர்ந்தனர். எனினும் இருவரும் இஸ்ராயீலின் வழித்தோன்றல்களாகவே நின்றனர். மூஸாவை இறைவன் தாயிடமே பாலுண்ணத் திருப்பியளித்தான். அவளது கண் குளிர்வதற்காகவே அவ்வாறு செய்ததாகவும் கூறுகின்றான். அரண்மனையின் செல்வத்துக்கு முன்னும் தாயின் கண் மறக்கப்படவில்லை.

ஆதலின், விருந்தாய் வந்த பிள்ளையை அணைத்து விடைகொடுக்கும் பெருமக்கள் தம் உள்ளத்தைத் தாமே வினவட்டும். இப்பிள்ளைக்கு உரியோர் எவரேனும் காத்திருக்கின்றனரா? பிள்ளையின் விருப்பம் யாது? அதற்கு நாம் இன்றியமையாதவரா, அன்றி நமக்கு அது இன்றியமையாததாகிவிட்டதா? உரியோர் இருப்பின் அனுப்புக; கடிதமும் கல்விச் செலவும் தொடர்க. எவருமில்லையெனின், ஊரறியச் சாட்சிகளுடன், சட்டத்தின் வாயிலாகப் பொறுப்பேற்க. பிள்ளைக்கு அதன் வரலாற்றை மறைக்காமல் சொல்லி வளர்க்க. எத்தீமைப் பேணுபவர் சுவனத்தில் தம்முடன் இரு விரல்கள் போல் நெருங்கியிருப்பார் என்றே நபிகள் நாயகம் (ஸல்) நன்மாராயம் கூறினார்கள். அந்நெருக்கத்தைப் பெறுவதற்குப் பிள்ளையின் தந்தை பெயரை அழித்து நம் பெயரை எழுத வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை.