வீடு கடையானபின் எஞ்சுவது எது?

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் முன்பு வரிசை வீடுகள் இருந்தன. பொதுச்சுவரால் ஒட்டிய அவற்றில் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை ஒன்றன்பின் ஒன்றாக அமையும். இன்று பல வீடுகள் கடைகளாகிவிட்டன. திண்ணையை இடித்த இடத்தில் படி, மரக்கதவுக்குப் பதில் இரும்பு ஷட்டர், ரேழியில் சரக்கு அலமாரி. இதற்கு மாறாக, இங்கிலாந்தின் பாத் நகரில் 1767 முதல் 1774 வரை கட்டப்பட்ட ராயல் கிரசன்ட் 30 வீடுகளின் பிறை வடிவ வரிசை. அதன் நடுப்பகுதி இப்போது ஓட்டல். அங்கே முகப்பு காக்கப்பட்டது, பயன் மாறியது.

அப்படியானால் கடையாக மாறிய வீடு பழைய வீடுதானா? இந்திய மெய்யியலில் சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்கும் சற்காரியவாதப்படி, மண்ணுக்குள் குடம்போலக் காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது. கடையும் அந்த வீட்டின் இன்னொரு நிலையே. காரியம் புதிதாகத் தோன்றுவது என்பது நியாய வைசேடிகர் கொள்கை. அதன்படி கடை வேறு பொருள். பௌத்தமோ நிலைத்த பொருளை ஏற்காது. கணந்தோறும் மாறும் தொடர்ச்சியையே காணும்.

இம்மூன்று பார்வைகளும் பொருளைப் பற்றியவை. திண்ணை பொருள் மட்டுமன்று. வழிப்போக்கர் கேளாமலே அமர்ந்து இளைப்பாறிய அறம் அது. முகப்பைக் காப்பாற்றினாலும் அந்த அறம் தானாகத் திரும்பாது. உரிமையாளர் மனம்வைத்து இடம் விட்டால்தான் திரும்பும்.